அப்பாவின் கை எனக்கும் வந்திருக்கிறதா?

தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 27, விசைப்படகில் கடலுக்குப் போகிறார், வருகிற தையில் கல்யாணம். தாத்தா பாட்டியை அடித்தவர். அப்பா அம்மாவை அடிப்பவர். ஒருமுறை அம்மாவின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சாத்தியதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். போன மாதம் தங்கையோடு ஏதோ வாய்த்தகராறு. இவர் கை ஓங்கிவிட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டார். "ஓங்கின கையைப் பார்த்தேன் டாக்டர், எங்கப்பா கை மாதிரியே இருந்துச்சு" என்று எழுதியிருக்கிறார். அடிக்கிற புத்தி ஜீனில் வருமா, ரத்தத்தையோ மூளையையோ சோதித்து முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா, நான் கல்யாணம் பண்ணலாமா என்பது கேள்வி. முடிக்கும்போது ஒரு வரி: அம்மாவுக்குக் கொஞ்ச நாளாகத் தலைவலி, மறதி, அடுப்பில் உலை வைத்ததையே மறந்துபோகிறார்.

நான் மனநல மருத்துவர். பாம்பனில் பிறந்தவள். தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் இந்தக் கரையில் முகாம்களுக்குப் போய்வந்ததில் இருபது வருடம் ஓடிவிட்டது. தம்பி, உங்களுக்கு நேரம் குறைவு என்றால் அம்மாவைப் பற்றிக் கடைசியில் எழுதியிருப்பதை முதலில் படியுங்கள். அதுதான் அவசரம்.

கேள்விக்கு நேர் பதில்: ஒருவன் மனைவியை அடிப்பானா மாட்டானா என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை உலகத்தில் எங்கும் கிடையாது. ஸ்கேனும் கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு யாராவது அப்படி ஒரு 'ஜீன் டெஸ்ட்' செய்து தருகிறேன் என்றால் கொடுக்காதீர்கள். அதற்காக, மரபணுவுக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்தவும் மாட்டேன். பங்கு இருக்கிறது. எவ்வளவு, எந்த இடத்தில் என்று விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

'போர்வீரர் மரபணு' என்று ஒன்றைப் பற்றிச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அதன் பெயர் எம்.ஏ.ஓ.ஏ. செரட்டோனின், டோபமின், நார்அட்ரினலின் போன்ற ரசாயனங்களைக் கொண்டுதான் மூளையின் நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசுகின்றன. பேசி முடித்ததும் மிச்சத்தை அகற்ற ஒரு நொதி வேண்டும். மீன் ஏலம் முடிந்த கையோடு தளத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுகிறார்களே, அந்த வேலை. அந்த நொதியைச் செய்யும் குறிப்பு இந்த மரபணுவில் இருக்கிறது.

நெதர்லாந்தின் நைமேகன் நகரத்து மருத்துவமனைக்கு ஒரு பெண் வந்தார். அவர் குடும்பத்து ஆண்களில் சிலர் தலைமுறை தலைமுறையாக அறிவுத்திறன் குறைந்தும், திடீர் ஆவேசத்தோடும் இருந்தார்கள். தீ வைத்தவர் உண்டு, பாலியல் குற்றத்துக்கு முயன்றவர் உண்டு. ஆசிரியராக இருந்த அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர், உங்களைப் போலவே கவலைப்பட்டு, எந்தெந்த ஆண்களுக்கு இது வந்தது என்று அதற்கும் முன்பே குடும்ப மரம் வரைந்து வைத்திருந்தார். ஹான்ஸ் புரூன்னர் என்ற மரபியல் மருத்துவரின் குழு தேடிப்போனதில், 1993-ல் எம்.ஏ.ஓ.ஏ. மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறி, அந்த நொதியே அவர்களுக்குச் சுரக்காமல் போனது தெரிந்தது. உலகமெங்கும் 'வன்முறை மரபணு கண்டுபிடிப்பு' என்று தலைப்புப் போட்டார்கள். அப்படிச் சொல்லக்கூடாது என்று புரூன்னரே மறுத்தார். அது மிக மிக அபூர்வமான கோளாறு. அதன்பின் உலகத்தில் கிடைத்த அப்படிப்பட்ட குடும்பங்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. எம்.ஏ.ஓ.ஏ. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று. அது அம்மாவிடமிருந்து வருவது. அப்பா மகனுக்குக் கொடுப்பது ஒய் மட்டும். ஆகவே உங்கள் தாத்தாவின் எம்.ஏ.ஓ.ஏ. உங்கள் அப்பாவுக்கே வரவில்லை. அப்பாவினுடையது உங்களுக்கு வரவில்லை. உங்கள் உடம்பில் இருக்கிற அந்த மரபணு, அடி வாங்கிய அம்மா கொடுத்தது. தாத்தா, அப்பா, பிள்ளை என்று ஆண் வழியில் இறங்குகிற அடியை இந்த மரபணுவின் தலையில் கட்டவே முடியாது. கோபத்தில் பங்குள்ள மற்ற மரபணுக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, அவற்றில் பாதி அப்பாவிடமிருந்து வந்தவைதான். ஆனால் ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு. சேர்த்துக் கூட்டினாலும் ஒரு தனி மனிதனைப் பற்றி ஜோசியம் சொல்ல முடிவதில்லை.

அந்த அபூர்வக் கோளாறு இல்லாத சாதாரண ஆண்களிலும் இந்த மரபணு இரண்டு தினுசாக இருக்கிறது: நொதியைக் கூடுதலாகச் செய்வது, குறைவாகச் செய்வது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972–73-ல் பிறந்த 1,037 குழந்தைகளை இன்றுவரை பின்தொடர்ந்து வருகிறார்கள். அவர்களில் 442 ஆண்களை வைத்து 2002-ல் அவ்ஷலோம் காஸ்பி, டெர்ரி மொஃபிட் குழு ஒரு ஆய்வை வெளியிட்டது. குறைந்த நொதி வகை மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்கு இருந்தது. அது இருந்தும் வீட்டில் அடி உதை இல்லாமல் வளர்ந்தவர்கள் மற்றவர்களைவிட முரடாக இல்லை. அதே வகையோடு, சின்ன வயதில் கொடுமைக்கும் ஆளானவர்கள் 100-க்கு 12 பேர்தான். ஆனால் வன்முறைக் குற்றத் தண்டனைகளில் 44 சதவீதம் அந்தப் பன்னிரண்டு பேர் கணக்கில் வந்தது. பிறகு வந்த எல்லா ஆய்வும் ஒத்துப்போகவில்லை. 2014-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஆண்களிடம் இந்தத் தொடர்பு இருப்பது தெரிந்தது, முதலில் நினைத்த அளவுக்குப் பெரிதாக இல்லை.

இரட்டையர்களையும் தத்துப் பிள்ளைகளையும் வைத்துச் செய்த 51 ஆய்வுகளை 2002-ல் கூட்டிப் பார்த்தார்கள். சமூகவிரோத நடத்தையில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் 41 சதவீதம் மரபணுவோடு சேர்ந்தது என்று வந்தது. இந்த எண்ணைத் தப்பாகப் படிக்கிறவர்கள்தான் அதிகம். உங்கள் கோபத்தில் 41 பங்கு தாத்தா கொடுத்தது என்று அர்த்தமில்லை. நம் முண்டு மிளகாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பானை விதையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கண்மாய்த் தண்ணீர் எட்டும் வயலிலும் மறு பாதியை மழையை நம்பிய மேட்டிலும் போடுங்கள். ஒரே வயலுக்குள் ஒரு செடி தழைத்து அடுத்தது குறுகியிருந்தால் அது பெரும்பாலும் விதையால் வந்தது. இரண்டு வயலுக்கும் நடுவில் தெரிகிற வித்தியாசம் தண்ணீரால் வந்தது. விதை அதே விதைதான்.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், கணவரிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்ன பெண்கள் தமிழ்நாட்டில் 100-க்கு 38 பேர். பக்கத்துக் கேரளத்தில் 10 பேர். கர்நாடகத்தில் முந்தின கணக்கெடுப்பில் 21 ஆக இருந்தது 44 ஆகிவிட்டது. வெளியே சொல்லத் துணிகிறவர்கள் கூடுவதும் குறைவதும் இந்த எண்களில் கலந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் பாம்பனுக்கும் கொல்லத்துக்கும் நடுவில் மனித ரத்தம் நாலு மடங்கு மாறிவிடாது, ஐந்து வருடத்தில் ஒரு மாநிலத்தின் மரபணு இரட்டிக்காது. இவ்வளவு பெரிய வித்தியாசம் தண்ணீரிலிருந்து வருகிறது, விதையிலிருந்து இல்லை.

மூளைக்கு வருகிறேன். மண்டபம் பக்கம் ஒரு முகாம். தூக்கமே இல்லை என்று வந்திருந்த ஒரு அம்மாவோடு ஏழு வயதுப் பையன். அவன் அம்மா சீட்டு வாங்கப் போயிருந்த நேரத்தில் அவனோடு பேச்சுக் கொடுத்தேன். அப்பா வந்துவிட்டார் என்று உனக்கு எப்படித் தெரியும் என்றதும், "செருப்புச் சத்தம்" என்றான். எழுந்து நடந்தே காட்டினான். இரண்டு செருப்பும் ஒரே மாதிரி அடித்து விழுந்தால் நல்ல நாள். ஒன்று மணலில் இழுபட்டு மற்றது மட்டும் அடித்தால் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் பெரியம்மா வீட்டுக்கு ஓட வேண்டும். "படலைத் தள்ளுறதுக்குள்ள போயிரணும்" என்றான். இதை அவன் அழாமல், வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொன்னான்.

2011-ல் லண்டனில் எய்மன் மெக்ரோரி குழு, வீட்டு வன்முறைக்கு நடுவில் வளர்ந்த 20 குழந்தைகளையும் அப்படி இல்லாத 23 குழந்தைகளையும் ஸ்கேனில் வைத்து முகப்படங்களைக் காட்டியது. கோப முகம் வந்ததும் முதல் பிரிவுக் குழந்தைகளின் மூளையில் அமிக்டலா, இன்சுலா என்ற இரண்டு பகுதிகள் கூடுதலாகத் துடித்தன. அமிக்டலா என்பது மூளைக்குள் வாதுமைப் பருப்பு அளவில் இருக்கிற ஆபத்துமணி. இந்த மாதிரியான துடிப்பைப் போர்முனைக்குப் போய்வந்த ராணுவ வீரர்களிடம் முன்பே பார்த்திருந்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு மனநோய் எதுவும் இல்லை. செருப்புச் சத்தத்தைப் படித்த அந்தப் பையனுக்கும் இல்லை. அந்த வீட்டில் உயிரோடு இருக்க என்ன தேவையோ அதை அவன் மூளை கற்றுவைத்திருக்கிறது. சிக்கல் இருபது வருடம் கழித்து வரும். அவன் மனைவி சாதாரணமாக "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்பாள், அவனுடைய ஆபத்துமணி அதைப் படல் தள்ளுகிற சத்தமாகக் கேட்கும். தம்பி, நீங்கள் உங்கள் அப்பாவிடமிருந்து பெற்றதில் பெரும்பங்கு இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பிறந்த பிறகும் மரபணுவின் மேல் வாழ்க்கை எழுதுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி குழு எலிகளிடம் பார்த்தது, 2004-ல் வெளிவந்தது. குட்டியை நிறைய நக்கி வளர்க்கிற தாயிடம் வளர்ந்தவை பதறாத எலிகளாயின. அதிகம் நக்காத தாயிடம் வளர்ந்தவை எதற்கும் பதறின. பதற்றத்தை அடக்கும் ஒரு மரபணுவின் மேல் ஒட்டியிருந்த ரசாயன முத்திரையில் வித்தியாசம் இருந்தது. குட்டிகளை மாற்றி வைத்தபோது முத்திரை பெற்ற தாயைப் பின்பற்றவில்லை, வளர்த்த தாயைப் பின்பற்றியது. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் 2011-ல், கர்ப்பத்தின்போது கணவரிடம் வன்முறைக்கு ஆளான பெண்களின் பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் இதே மரபணுவில் முத்திரை கூடியிருப்பதைப் பார்த்தார்கள். மிகச் சிறிய ஆய்வு, அதை வைத்துப் பெரிதாகக் கட்டக்கூடாது. ஆனாலும் கர்ப்பிணியை அடிப்பவன் ஒருத்தியை மட்டும் அடிப்பதில்லை என்பது எனக்கு அதைப் படித்த அன்று உறைத்தது.

அமிக்டலா மணி அடித்தால் அதை நிதானித்துப் பார்ப்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்மூளை. 2008-ல் ஹாங்காங்கில், மனைவியை அடிக்கும் ஒரு சில ஆண்களை ஸ்கேன் செய்ததில், மணி பலமாகவும் முன்மூளை மந்தமாகவும் இருந்தது. இதைக் கேட்டதும் "அப்ப அவங்களுக்கு பிரேக் பிடிக்கலை, பாவம்" என்று பலர் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். மருத்துவர்களிலும் சிலர் இப்படிப் பேசுகிறார்கள். எனக்கு இதில் கடுமையான மறுப்பு உண்டு. காரணத்தை நம் ஊரிலேயே காட்டுகிறேன்.

அடையாளம் தெரியக்கூடாது என்பதால் பல பேர் சொன்னதை ஒரே ஆளாகச் சேர்த்துச் சொல்கிறேன். முந்தின நாள் காலை டோக்கன் வாங்கிப் போன படகு மறுநாள் காலை கரைக்கு வருகிறது. இரவெல்லாம் மடி வலை இழுத்திருக்கிறார்கள். நடுவில் இலங்கை ரோந்துப் படகு வெளிச்சம் தெரிந்து எல்லோரும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பாடு இல்லை, மீன் சரியாகக் கிடைக்கவில்லை. டீசல் கழித்து, ஐஸ் கழித்து, பங்கு பிரிக்கும்போது படகு முதலாளியான சம்மாட்டி சொல்கிறார்: "போன மாசம் வாங்கின முன்பணத்துல ஆயிரம் புடிச்சிருக்கேன்." அவன் தலையைக் குனிந்து நோட்டை இரண்டு தடவை எண்ணுகிறான். உள்ளே கொதிக்கிறது, என்னிடமே சொன்னான், கை நடுங்கியதாம். ஆனாலும் "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு வருகிறான். கடைக்குப் போகிறான். சாயங்காலம் வீட்டில் பெண்டாட்டி "இவ்வளவுதானா?" என்று கேட்கிறாள். கதவைச் சாத்துகிறான். டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறான். அடிக்கிறான். "என்னையே மறந்துட்டேன் டாக்டரம்மா" என்கிறான்.

அந்தப் பெண்ணைத் தனியாகப் பரிசோதித்தபோது கன்றிப்போன இடங்கள் முதுகிலும் தோளிலும் மேல்கையிலும் இருந்தன. ஜாக்கெட் கை முடிகிற விளிம்புக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. தன்னை மறந்தவனுக்கு அந்த விளிம்பு எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது? கதவைச் சாத்தச் சொன்னது எது? அதெல்லாம் முன்மூளையின் வேலை. இரவில் ரோந்துப் படகின் முன்னால் பிரேக் பிடித்தான், காலையில் சம்மாட்டி முன்னால் பிரேக் பிடித்தான், சாயங்காலம் வீட்டு வாசலில் அவனாகவே பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டான். யாரை அடித்தால் கேட்க ஆளில்லை என்பதை அவன் எங்கிருந்தோ படித்திருக்கிறான். அவனுடைய அப்பா அடித்தபோது தெருவில் யாரும் கேட்கவில்லை என்பதிலிருந்து, "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று அத்தை அம்மாவைச் சமாதானப்படுத்தியதிலிருந்து, காவல் நிலையம் போன பெண்ணை ஊர்ப் பெரியவர்கள் பேசித் திருப்பி அனுப்பியதிலிருந்து. கோபம் சட்டென்று ஏறுகிற சுபாவத்தை மரபணு ஒருவனுக்குக் கொடுக்கலாம். அதை யார் மேல் இறக்குவது என்ற விலாசத்தை வீடும் ஊரும் கொடுக்கின்றன.

நிஜமாகவே பிரேக் அறுந்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். அமைதியாக இருந்த மனுஷன் ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று மாறி, மனைவி, பேரன், டீக்கடைக்காரர் என்று ஆள் பார்க்காமல் பாய்ந்தால் அது மூளையின் முன்பகுதிச் சிதைவோ கட்டியோ வலிப்போ ஆக இருக்கலாம். வலை இழுக்கும் வின்ச்சில் சிக்கியோ படகில் வழுக்கியோ தலையில் பலத்த அடி பட்டவர்களிடமும் மாற்றம் வரும். 1994-ல் அமெரிக்காவில் செய்த ஒரு ஆய்வில், தலைக்காயம் பட்ட ஆண்கள் மனைவியை அடிக்கும் வாய்ப்பு ஆறு மடங்காக இருந்தது. உங்கள் அப்பாவுக்கு அப்படி ஏதாவது நடந்ததா, அதற்கு முன்னால் எப்படி இருந்தார் என்று பாட்டி வழியில் விசாரியுங்கள். மனநோயாளிகளை இதில் இழுக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இதே மாவட்டத்தில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஒரு காப்பகத் தீயில் கருகினார்கள். ஆபத்தானவர்கள் என்று பயந்துதான் கட்டிவைத்தார்கள். இருபது வருடத்தில் என் முன்னால் காயத்தோடு உட்கார்ந்த பெண்களில் பெரும்பாலோரை அடித்தவர்களுக்கு எந்த மனநோயும் இல்லை.

குடி இதில் எண்ணெய் ஊற்றுகிறது. சாராயம் முன்மூளையைத்தான் முதலில் மந்தமாக்கும், பார்வையை எதிரே இருக்கிற எரிச்சலின் மேல் மட்டும் குறுக்கும். குடியை நிறுத்தியவர்கள் வீட்டில் அடி கணிசமாகக் குறைவதைப் பார்க்கிறேன். சில வீடுகளில் குறையாமலே இருப்பதையும் பார்க்கிறேன், அவர்கள் தெளிந்த பிறகும் அடிக்கிறார்கள். சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது: 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 23-வது பிரிவுப்படி, தெரியாமலோ வற்புறுத்தியோ ஏற்றப்பட்ட போதைக்குத்தான் விலக்கு உண்டு. தானாகக் குடித்தவனுக்குக் கிடையாது. மரபணுச் சாக்கை அமெரிக்காவின் டென்னசியில் ஒரு வழக்கில் வைத்துப் பார்த்தார்கள். பிரிந்துபோன மனைவியை வெட்டி, அவளுடைய தோழியைக் கொன்றவனுக்கு எம்.ஏ.ஓ.ஏ. குறைந்த வகை என்று சாட்சியம் சொன்னார்கள். நடுவர்கள் கொலைக்குற்றத்தின் கடுமையைக் குறைத்தார்கள், அப்படியும் 32 வருடம் தண்டனை. அந்த வகை மூன்றில் ஒரு ஆணுக்கு இருப்பது. அந்த ஆண்கள் எல்லோரும் வெட்டுக்கத்தி எடுக்கவில்லையே.

இனி உங்கள் விஷயம். கேத்தி ஸ்பாட்ஸ் விடம் என்ற ஆய்வாளர் சின்ன வயதில் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளான 908 பேரையும், ஆளாகாத 667 பேரையும் காவல்துறைப் பதிவுகளில் தேடி 1989-ல் வெளியிட்டார். வன்முறைக் குற்றத்துக்காகக் கைதானவர்கள் முதல் பிரிவில் 100-க்கு 11, இரண்டாவதில் 8. வித்தியாசம் உண்டு. ஆனால் அடி பட்ட வீட்டிலிருந்து வந்த 100 பேரில் 89 பேர் அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டுக்குள் நடக்கிற அடி எல்லாம் காவல்துறைக்கு வராது என்பதால் இந்த எண்ணைக் கொண்டு நான் உங்களுக்குச் சான்றிதழ் கொடுக்க மாட்டேன். ஓங்கிய கை பாதியில் நின்றது. அது எனக்கு முக்கியம், உங்கள் முன்மூளை தங்கை விஷயத்திலும் வேலை செய்கிறது. ஓங்கியதே ஏன் என்பதும் எனக்கு அதே அளவு முக்கியம். தங்கையின் இடத்தில் உங்கள் படகு டிரைவர் நின்றிருந்தால் அந்தக் கை எழுந்திருக்குமா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். 2007-ல் ஒரு ஆய்வில் 35 மணி நேரம் தூங்காமல் வைத்திருந்தவர்களின் அமிக்டலா, தூங்கியவர்களுடையதைவிட 60 சதவீதம் கூடுதலாகத் துடித்தது. முன்மூளையோடு அதற்கிருந்த பிடியும் தளர்ந்திருந்தது. ஒரு கடல் போய்வந்தால் உங்கள் உடம்பு கிட்டத்தட்ட அந்த நிலையில்தான் கரை ஏறுகிறது. கரை ஏறின அன்று தூங்கி எழும்வரை வீட்டில் பணக் கணக்குப் பேசுவதில்லை என்று இப்போதே ஒரு முடிவு எடுங்கள். அன்றைக்குக் குடிப்பதில்லை, அடித்த அப்பா இருந்த வீட்டுப் பிள்ளைக்கு நான் சொல்வது, எந்த நாளும் குடிக்காதீர்கள் என்பதே. உங்களுக்குக் கோபம் உடம்பில் எங்கே முதலில் தெரிகிறது என்று கண்டுபிடியுங்கள், தாடையிலா, காதுச் சூட்டிலா, வயிற்றிலா. அது தெரிந்த உடனே "அரை மணி நேரத்தில் வர்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய், சொன்னபடி திரும்பி வாருங்கள். சொல்லாமல் போவதும் ஒரு மிரட்டல்தான். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வரும்போது கூடுதல் கவனம்: வேலை இல்லை, கையில் அரசு கொடுக்கும் 8,000 மட்டும், நாள் முழுக்க வீட்டில். என்னிடம் வருகிற பெண்கள் அந்த மாதங்களில் கூடுகிறார்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கும். கடலுக்குப் போகிற ஆம்பளை இதற்கெல்லாம் போன் செய்வதா என்று நினைக்காதீர்கள்.

கல்யாணம் பண்ணலாமா என்பதை நானும் முடிவு செய்யக்கூடாது, நீங்கள் மட்டும் முடிவு செய்யவும் கூடாது. அந்தப் பெண்ணிடம் தைக்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லுங்கள். தாத்தா, அப்பா, கழுத்தைப் பிடித்தது, தங்கையை நோக்கி ஓங்கியது, ஒன்றையும் மறைக்காமல். என் கை உன் மேல் பட்டால் பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய், நான் தடுக்க மாட்டேன், உன் வீட்டுக்குப் போ என்று அவளுடைய அண்ணனோ அம்மாவோ இருக்கும்போது சொல்லுங்கள். யோசிக்க நாள் கேட்டால் கொடுங்கள். வேண்டாம் என்றால் அது அவளுடைய உரிமை.

இப்போது அம்மா. உங்கள் கேள்வி முழுக்க அடிக்கிறவனின் மூளையைப் பற்றி இருக்கிறது. ஆய்வுகளிலும் ரொம்ப காலம் அப்படித்தான் இருந்தது. அடி வாங்குகிற மூளையை யாரும் பார்க்கவில்லை. ஈவ் வலேரா என்ற ஆய்வாளர் கணவரிடமோ துணைவரிடமோ அடி வாங்கிய 99 பெண்களிடம் விசாரித்து 2003-ல் வெளியிட்டார். நான்கில் மூன்று பேருக்கு ஒருமுறையாவது மூளைக் காயம், பாதிப் பேருக்குப் பலமுறை. எத்தனை முறை பட்டதோ அந்த அளவுக்கு ஞாபகமும் கற்கும் திறனும் குறைந்திருந்தது. கிரிக்கெட்டில் ஒரு பந்து ஹெல்மெட்டில் பட்டால் ஆட்டத்தை நிறுத்தி மருத்துவர் ஓடுகிறார். சுவரில் மோதப்பட்ட உங்கள் அம்மா எழுந்து உலை வைத்தார்.

கழுத்தைப் பிடித்தது இன்னும் கெட்டது. கழுத்து ரத்தக்குழாயை அழுத்தினால் சில நொடிகளில் நினைவு போகும், மூளைக்கு ரத்தம் நிற்கும். சான் டியாகோவில் 300 கழுத்து நெரிப்பு வழக்குகளைப் பார்த்ததில் பாதியில் வெளியே காயமே தெரியவில்லை என்று 2001-ல் எழுதினார்கள். முன்பு கழுத்தை நெரித்தவன் பின்னால் கொல்லும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று 2008-ல் ஒரு ஆய்வு சொன்னது. எப்போதோ நடந்தது என்று விட்டுவிடாதீர்கள். இப்போதும் நடக்கிறதா என்று அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். நடக்கிறது என்றால் அவரை அப்பாவோடு தனியாக விடாதீர்கள். 2005-ம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் அதே வீட்டில் இருந்துகொண்டே பாதுகாப்பு உத்தரவு வாங்க வழி உண்டு. மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம், 181-ல் கேட்டால் வழி சொல்வார்கள்.

மறதியும் தலைவலியும் பல காரணத்தால் வரலாம்: ரத்த அழுத்தம், தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு. ஆனால் தலையில் அடி பட்ட பெண்ணுக்கு மூளையைச் சுற்றிய உறைக்குள் ரத்தம் மெல்ல மெல்லக் கசிந்து வாரக்கணக்கில் தேங்கலாம். சி.டி. ஸ்கேனில் தெரிந்துவிடும், பெரும்பாலும் சரிசெய்ய முடியும், விட்டால் ஆபத்து. வாந்தி, நடையில் தள்ளாட்டம், ஒரு பக்கம் கைகால் பலமிழப்பு, எழுப்ப முடியாத தூக்கம் இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே 108. இல்லாவிட்டாலும் இந்த வாரம் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். "கீழே விழுந்துட்டாங்க" என்று சொல்லாதீர்கள். எத்தனை வருடமாக, தலையில் எத்தனை தடவை, கடைசியாக எப்போது, நினைவு தப்பியதா, கழுத்தைப் பிடித்தாரா என்று ஒரு தாளில் எழுதிக்கொடுங்கள், கூட்டத்தில் டாக்டராகக் கேட்கமாட்டார். அப்பா கூட வர வேண்டாம். நீங்களும் வெளியே பெஞ்சில் உட்காருங்கள், மகன் முன்னால் அம்மா வாய் திறக்கமாட்டார்; தங்கையை உள்ளே அனுப்புங்கள். படகு போகிற நாளாக இருந்தால் அந்த ஒரு கடலை விட்டுவிடுங்கள்.